பதினோராம் பக்கம்: எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "சின்ன வயதிலிருந்து நிறையப் படிக்கிறேன். எழுத வேண்டும் என்ற ஆசை பத்து வருடமாக இருக்கிறது. வீட்டில் ஏழு நோட்டுகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பக்கம்தான் எழுதியிருக்கிறது. எழுதியதை மறுநாள் எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது, மூடி வைத்துவிடுகிறேன். வேலை, குடும்பம் போக நேரமும் குறைவு. எழுதும் பழக்கத்தையும், என்னால் எழுத முடியும் என்ற நம்பிக்கையையும் எப்படி வளர்த்துக்கொள்வது?"

ஏழு நோட்டு, பத்துப் பக்கம் என்று எண்ணிச் சொன்னது நல்லதாயிற்று. "எனக்கு எழுத வரவில்லை" என்று மொட்டையாகச் சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம். உங்களுக்கு எழுத வருகிறது. எழுபது பக்கம் வந்திருக்கிறது. வராதது பதினோராம் பக்கம். அது வேறு நோய், மருந்தும் வேறு.

பிறர் எழுதியதைத் திருத்துவதிலும் நானே எழுதுவதிலும் எனக்குப் பல வருடம் போயிருக்கிறது. நம்பிக்கை வந்த பிறகு எழுத உட்கார்ந்த ஒருவரையும் இதுவரை நான் பார்த்ததில்லை. எழுதி முடித்த பிறகு கொஞ்சம் வந்தது என்று சொன்னவர்கள் உண்டு. அடுத்ததை எழுத உட்கார்ந்ததும் அதுவும் போய்விட்டது என்று சொன்னவர்கள் அதைவிட அதிகம். நீங்கள் நம்பிக்கையை முன்பணமாகக் கேட்கிறீர்கள். இந்தத் தொழிலில் அது கூலி, அதுவும் தாமதமாக வரும் கூலி.

கம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியத்தின் தொடக்கத்தில், அவையடக்கத்தில், தன்னைப் பூனையோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். பாற்கடல் முன்னால் போய் நின்றுகொண்டு, அத்தனையையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று கிளம்பிய பூனை. அவையடக்கம் பாடுவது மரபு, அது சம்பிரதாயப் பணிவுதானே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும். அந்தப் பாட்டில் அவர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். தகுதி இருக்கிறது, அதனால் பாடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. "ஆசை பற்றி" என்கிறார். ஆசை இருந்தால் எழுத்து வந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை, பூனைக்கும் ஆசைதான். ஆனால் உட்காருவதற்கு அந்தக் காரணம் போதும். உங்களிடம் பத்து வருட ஆசை கைவசம் இருக்கிறது. முதல் பக்கத்துக்கு வேறு அனுமதிச்சீட்டு எதுவும் தேவையில்லை.

இனி அந்தக் கூச்சத்துக்கு வருகிறேன். உங்களுக்குள் இருக்கும் வாசகருக்கு வயது இருபதுக்கு மேல். தேர்ந்த ஆள், எது நல்லது என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குள் இருக்கும் எழுத்தாளரோ எழுபது பக்கமே எழுதிய குழந்தை. பெரியவர் குழந்தையின் நோட்டை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது, அதுதான் தொல்லை. அவரை ஒரேயடியாக விரட்டவும் முடியாது, திருத்தும் வேலைக்கு அவர்தான் வேண்டும். முதல் பிரதி முடியும்வரை வாசலில் உட்காரவைத்தால் போதும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முந்தின நாள் எழுதியதை முழுக்கப் படிக்காதீர்கள். கடைசி நாலைந்து வரியை மட்டும் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கதாபாத்திரத்தின் பெயர் மறந்துபோனால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். என்னிடம் வந்தவர்களுக்கு நான் சொன்ன யோசனைகளிலேயே அதிகம் பலித்தது இதுதான்.

நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். "நான் எழுதியது நன்றாக இருக்கிறது" என்ற நினைப்பைத்தான் பலரும் நம்பிக்கை என்கிறார்கள். நாள்பட்ட எழுத்தாளர்களிடம் அது அபூர்வம். அவர்களிடம் இருப்பது, "இது மோசமாக இருக்கிறது, ஆனால் இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்" என்ற தெம்பு. மரத்தில் முடிச்சு தட்டுப்பட்டால் தச்சர் பதறுவதில்லை. இதற்கு முன் இருநூறு முடிச்சு பார்த்திருக்கிறார், உளியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கைக்குத் தெரியும். அந்தத் தெம்பு ஒரே வழியில்தான் வருகிறது: முழுதாக முடிந்த, மோசமான ஒரு பிரதியை எடுத்து, கொஞ்சம் குறைந்த மோசமாக ஆக்குவது. பாதிக் கதையைத் திருத்த முடியாது. எதன் பாதி என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? ஏழு நோட்டு எழுதியும் உங்களுக்கு நம்பிக்கை வராததில் ஆச்சரியமே இல்லை. திருத்தும் கட்டத்துக்கு நீங்கள் இன்னும் ஒருமுறைகூடப் போகவில்லை.

பழக்கத்துக்கு வருவோம். எதையும் 21 நாள் தொடர்ந்து செய்தால் பழகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த எண் பிறந்த இடம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரின் அனுபவம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்பவர் 1960இல் எழுதிய புத்தகத்தில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆவதாகக் குறிப்பிட்டார். "குறைந்தது" என்ற சொல் போகிற போக்கில் உதிர்ந்துபோய் 21 மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும். 96 பேர் ஆளுக்கொரு சிறு பழக்கத்தைத் தேர்ந்துகொண்டு 12 வாரம் செய்துபார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகிறது. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரிது: சிலருக்கு 18 நாள், சிலருக்கு, 12 வாரத்துக்கு அப்பாலும் கணக்கிட்டுப் பார்த்ததில், 254 நாள்வரை. அங்கே சோதித்தவை தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, கொஞ்சம் ஓடுவது மாதிரியான காரியங்கள். எழுதுவது அவற்றைவிட முரண்டு பிடிக்கும். மூன்றாம் வாரத்தில் "எனக்கு இன்னும் பழகவில்லையே, நான் இதற்கு லாயக்கில்லை போல" என்று தோன்றினால், தப்பு உங்கள் மீது இல்லை, யாரோ சொன்ன 21 மீது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. ஒரு நாள் தவறிப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லிக்கொள்ளும்படி பாதிப்பு எதுவும் இல்லை. பாதியில் விட்டவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பதினைந்து நாள் ஒழுங்காக எழுதுவார்கள், பதினாறாம் நாள் காய்ச்சலோ விருந்தாளியோ வரும், பதினேழாம் நாள் "விட்டுப்போச்சு, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கலாம்" என்பார்கள். ஒன்றாம் தேதி வரும், கூடவே புது நோட்டும் வரும். உங்கள் ஏழில் எத்தனை அப்படி வந்தவை என்று எண்ணிப் பாருங்கள்.

எவ்வளவு எழுதுவது? வெட்கப்படும் அளவுக்குக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். 150 சொல் என்று வைப்போம், ஏறக்குறைய ஒரு நோட்டுப் பக்கம். வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 50 வாரம் என்றால் 37,500 சொற்கள். 2,000 சொல் சிறுகதை என்று கணக்கு வைத்தால் பதினெட்டுக் கதைகளின் முதல் பிரதி. அதில் பதினான்கு குப்பைக்குப் போனாலும் நாலு மிஞ்சும். வருடத்துக்கு நாலு கதை எழுதுகிறவரை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஆயிரம் சொல் எழுதியே தீருவேன் என்று சபதம் போடுகிறவர்கள் முதல் வாரம் ஐயாயிரம் எழுதுகிறார்கள், இரண்டாம் வாரம் மேசைப் பக்கமே போவதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரோலப் தபால் துறையில் முழுநேர வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்ற கணக்கில் மூன்று மணி நேரம் எழுதுவார். பிறகுதான் ஆபீஸ். நாற்பத்தேழு நாவல்கள் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் அவரே சுயசரிதையில் எழுதிவைக்க, அது அவர் இறந்த பிறகு 1883இல் வெளியாயிற்று. "கலைஞன் கடிகாரம் பார்த்தா எழுதுவான்?" என்று அதைப் படித்துப் பலர் முகம் சுளித்தார்கள். நாவல்கள் இன்னமும் படிக்கப்படுகின்றன. அவரைப் போல மூன்று மணி நேரம் எழுதுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்கு அவரிடமிருந்து வேண்டியது அந்தக் கடிகாரம் மட்டும். உந்துதல் வருமா வராதா என்ற விசாரணையே இல்லாமல், நேரம் வந்தது, உட்கார்ந்தார்.

அந்த நேரத்தை எங்கே வைப்பது என்பது அவரவர் பாடு. விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் எழுத்து வரும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. அது சீக்கிரம் எழுகிறவர்கள் பரப்பிய கதை. ஆனால் "ராத்திரி நேரம் கிடைத்தால் எழுதுகிறேன்" என்பது நடக்காது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுங்கள்: பல் தேய்த்ததும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும், ஆபீஸில் மதியம் சாப்பிட்டு முடித்ததும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். போனில்தான் எழுதுவீர்கள் என்றால் நெட்டை அணைத்துவிடுங்கள். பேனாவா, கீபோர்டா, குரலில் சொல்லித் தட்டச்சாக்குவதா என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. மாற்றிக்கொண்டே இருக்காமல் இருந்தால் சரி.

ரொம்ப மோசமான நாளுக்கென்று இன்னொரு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாக்கியம். உண்மையாகவே ஒன்று. அதை எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். எழுத்து நன்றாக ஓடுகிற நாளில் முழுதும் வடியும்வரை எழுதித் தீர்க்காதீர்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தச் சொல்வார் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே. நான் ஒருபடி கீழே இறங்கி, வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துவேன். மறுநாள் அந்த வாக்கியத்தை முடிக்கத்தானே வேண்டும்? முடித்த கையோடு அடுத்தது வந்துவிடும்.

சரி, பதினோராம் பக்கம். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் பத்துப் பக்கம் ஏன் எளிதாக வருகிறது? அது ஏற்கெனவே உங்கள் மனதில் சேர்ந்திருந்த சரக்கு. ஒரு காட்சி, ஒரு முகம், ஒரு நினைவு. உதாரணமாக, "ரயில் நிலையத்தில் ஒரு பெரியவர் தினமும் சாயங்காலம் யாருக்காகவோ காத்திருக்கிறார்." இது அழகான தொடக்கம். பெரியவரின் செருப்பு, பெஞ்சு, ரயில் வரும் சத்தம், அவர் கண்ணில் தெரியும் எதிர்பார்ப்பு என்று பத்துப் பக்கம் தாராளமாக எழுதலாம். அதோடு சரக்கு தீரும். ஏனென்றால் கையில் இருப்பது ஒரு நிலைமை, கதை இன்னும் பிறக்கவில்லை. பதினோராம் பக்கத்தில் நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டும். அவர் யாருக்காகக் காத்திருக்கிறார்? இன்று ஏன் நாம் அவரைப் பார்க்கிறோம், நேற்று ஏன் பார்க்கவில்லை? அவருக்கு வேண்டியதைக் கொடுக்காமல் குறுக்கே நிற்பது யார் அல்லது எது? முடிவெடுத்தால் மனதிலிருந்த அழகான காட்சி கொஞ்சம் சிதையும். காத்திருப்பது மகனுக்காக என்று எழுதிய கணமே மற்ற நூறு சாத்தியங்களும் செத்துப்போகும். இந்த இழப்பை ஏற்க மனம் ஒப்பாமல்தான் பலர் நோட்டை மூடுகிறார்கள். புது நோட்டில் எல்லாச் சாத்தியங்களும் மறுபடி உயிரோடு இருக்கின்றன, இன்னும் பத்துப் பக்கத்துக்கு.

ஆகவே பத்தாம் பக்கத்தில் நிற்கும்போது "எனக்குத் திறமை இல்லை" என்ற தீர்ப்புக்குப் போகாதீர்கள். மேலே கேட்ட மூன்று கேள்வியையும் தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில் எழுதுங்கள். முதல் இரண்டு பதிலும் தேய்ந்த பதிலாக இருக்கும், அவை எல்லோருக்கும் வரும். மகன் வெளிநாடு போய்விட்டான், மனைவி இறந்துவிட்டாள். நாலாவதோ ஐந்தாவதோ உங்களையே கொஞ்சம் திடுக்கிட வைக்கும்: அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் சாயங்காலம்வரை பொழுதைக் கழிக்கிறார். அதை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். தப்பான முடிவாகவே இருந்தாலும் போங்கள். தப்பான முடிவில் முடிந்த கதையைத் திருத்தலாம்.

கட்டுரையோ நினைவுக்குறிப்போ எழுதுகிறவர்களுக்கும் இதே நோய் வேறு முகத்தில் வரும். "மழையைப் பற்றி எழுதப்போகிறேன்" என்றால் இரண்டு பக்கத்தில் நிற்கும். "மழை எனக்குப் பிடிக்கும் என்று இருபது வருடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்று தொடங்கினால் அது தானாக எங்கேயோ போக வேண்டியிருக்கிறது.

ஒரு விதி போட்டுக்கொள்ளலாம்: கையில் இருப்பது முடியாமல் அடுத்ததைத் தொடங்குவதில்லை. புதிய யோசனை வந்து ஆசை காட்டும், அது எப்போதும் பத்தாம் பக்கத்தில்தான் வரும். ஒரே வரியில் குறித்துவைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். நல்ல யோசனை மூன்று வாரம் தாங்கும். தாங்காதது போகட்டும். முதல் வருடத்தில் நாவல் வேண்டாம். நாவலில் முடிப்பது என்ற அனுபவம் கிடைக்க இரண்டு வருடம் ஆகலாம், உங்களுக்கு அது இரண்டு மாதத்துக்குள் கிடைக்க வேண்டும். மூன்று பக்கத்தில் முடியும் சின்ன விஷயங்களை எழுதுங்கள்.

முடிந்த பிரதியை இரண்டு வாரம் கண்ணில் படாமல் வைத்திருங்கள். அதன் பிறகு வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரை உள்ளே கூப்பிடலாம். இப்போது அவர் கையில் ஒரு பட்டியலைக் கொடுங்கள். சுமார் எண்ணூறு வருடத்துக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் பத்துக் குற்றங்கள் வருகின்றன. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது குன்றக் கூறல். தேவைக்கு மேல் சொல்வது மிகைபடக் கூறல். சொன்னதையே சொல்வது கூறியது கூறல். முன்னால் சொன்னதற்கு முரணாகப் பின்னால் சொல்வது மாறுகொளக் கூறல். பிழையான சொல்லைச் சேர்ப்பது வழூஉச்சொல் புணர்த்தல். இதுவா அதுவா என்று படிக்கிறவரைக் குழப்புவது மயங்க வைத்தல். பொருளில்லாமல் சொல்லை அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல். எடுத்த விஷயத்தை விட்டு வேறொன்றுக்குள் புகுந்து நீட்டுவது மற்றொன்று விரித்தல். தொடக்கத்தில் இருந்த வலு போகப் போகக் கரைந்து முடிவது சென்றுதேய்ந்து இறுதல். வார்த்தைகள் நின்றும் பயனில்லாதது நின்றுபயனின்மை. அவர் இலக்கண நூலையும் சாத்திர நூலையும் மனதில் வைத்துச் சொன்னார், கதைக்கு இல்லை. இருந்தாலும் முதல் பிரதியைத் திருத்த இதைவிடக் கச்சிதமான பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே வாசிப்பில் பத்தையும் தேடாதீர்கள். ஒரு முறை கூறியது கூறலை மட்டும், அடுத்த முறை மிகையை மட்டும். உங்கள் ஏழு நோட்டுக்கும் சேர்த்து ஒன்பதாவதாக அவர் ஏற்கெனவே பேர் வைத்துவிட்டார் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது வெற்றெனத் தொடுத்தல். "அவள் மிகவும் சோகமாக இருந்தாள். அவளுடைய மனதில் சொல்ல முடியாத வேதனை நிரம்பி வழிந்தது." இதில் எந்த வார்த்தையும் தப்பில்லை, ஆனால் யாரும் தென்படவில்லை. "விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. யார் என்று பார்த்துவிட்டு, அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தாள்." இங்கே சோகம் என்ற சொல்லே இல்லை. இப்படி எழுதக் கற்பனை அதிகம் தேவைப்படாது, பார்க்கும் பழக்கம் வேண்டும். அதற்காக ஒரு சின்னக் குறிப்பேடு தனியாக வைத்து, தினமும் காதில் விழுந்த ஒரே ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதிவையுங்கள். "அவன் நல்லவன்தான், கையில காசு இருக்கறப்ப" என்று பேருந்தில் யாரோ சொன்னதை நான் குறித்துவைத்திருக்கிறேன். இன்னும் எந்தக் கதையிலும் உட்காரவில்லை. உட்காரும்.

நம் மொழிக்கே உரிய இரண்டு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். பேனாவை எடுத்ததும் பலருக்கு மேடைக் குரல் வந்துவிடுகிறது. "இக்கதையானது எழுதப்பட்டதன் நோக்கம் என்னவென்றால்", "கூறப்படுவதாகும்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். வாயால் ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் பழுது. மூச்சு வாங்கும் இடத்தில் அதை இரண்டாக உடையுங்கள். இரண்டாவது, எழுத்துப்பிழை பற்றிய பயம். ணகர னகரம், லகர ளகர ழகரம், எங்கே ஒற்று மிகும் எங்கே மிகாது என்ற சந்தேகத்தாலேயே எழுதாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். முதல் பிரதியில் பிழை கிடக்கட்டும். கடைசிப் பிரதியில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள், அங்கே சலுகை கிடையாது. அடிக்கடி தடுமாறும் இருபது சொல்லைப் பட்டியல் போட்டு மேசையில் ஒட்டிவைத்தால் ஆறு மாதத்தில் பாதி தீர்ந்துவிடும்.

யாரிடம் காட்டுவது? வீட்டில் காட்டினால் பாராட்டுவார்கள் அல்லது "இதெல்லாம் எதற்கு" என்பார்கள். இரண்டும் உதவாது. படிக்கும் பழக்கமுள்ள ஒருவர், அதிகம் போனால் இருவர் போதும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். "எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது?", "யார் பேசுகிறார்கள் என்று எங்கே குழம்பினீர்கள்?" என்று கேளுங்கள். சலித்த இடத்தைப் பற்றி வாசகர் சொல்வது அநேகமாகச் சரியாக இருக்கும். அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் வழியில் செய்யுங்கள். முதல் பிரதியை ஒருவரிடமும் காட்டாதீர்கள். முதல் பிரதியையே இயந்திரத்திடம் எழுதச் சொல்லி வாங்குவதும் இப்போது எளிது. வேலைக் கடிதத்துக்கு அது சரி. இங்கே நீங்கள் சம்பாதிக்க வேண்டிய தச்சரின் கைப்பழக்கம் அதில் கிடைக்காது.

அனுப்பத் தொடங்கினால் நிராகரிப்பு வரும். பெரும்பாலும் பதிலே வராது, அது இன்னும் மோசம். எதை, எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு இடத்துக்குக் குறிப்பிட்ட காலம்வரை காத்திருந்து, அதன் பிறகு இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பிய அன்றே அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும். கையில் ஒரு கதை பாதியில் இருக்கிறவருக்குத் தபாலை எதிர்பார்த்து உட்கார நேரம் இருக்காது. என் முதல் கதையை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியபோது மூன்று மாதம் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாவது திரும்பியபோது ஒரு வாரம். இப்போதும் வலிக்கத்தான் செய்கிறது, சாயங்காலம்வரை.

நேரமில்லை, வயதாகிவிட்டது என்பதற்கு நீளமாகப் பதில் தேவையில்லை. விவசாயியான கி. ராஜநாராயணன் முப்பது வயதைத் தாண்டிய பிறகே சிறுகதைக்கு வந்தார். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். பதிப்பகத்தில் வேலை, இரண்டு மகன்களைத் தனியாக வளர்க்கும் பொறுப்பு இவற்றுக்கு நடுவே எழுதிய அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனின் முதல் நாவல் 1970இல் வந்தபோது அவருக்கு 39 வயது. ஆங்கில எழுத்தாளர் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் புத்தகம் 58 வயதில் வந்தது, நாலு வருடத்தில் புக்கர் பரிசு வாங்கினார். வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுத்தை வைத்து வாடகை கட்ட வேண்டிய கட்டாயம் வந்தால், வாசலில் இன்னொரு பெரியவர் வந்து உட்கார்ந்துவிடுவார், அவர் முதலாமவரைவிடக் கறார்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏழு நோட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்ததை எடுக்காதீர்கள், அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் கையைக் கட்டும். இருப்பதிலேயே சுமாரானதை எடுங்கள். பத்தாம் பக்கத்தை மட்டும் படியுங்கள். மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில். தினம் ஒரு பக்கமாக மூன்று அல்லது நாலு பக்கத்தில் எப்படியாவது முடித்து, கீழே தேதி போடுங்கள். பிறகு இரண்டு வாரம் அதை உள்ளே வைத்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போங்கள். எட்டாவது நோட்டு மட்டும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.